பூசணப் பஞ்சாங்கம்

கோயமுத்தூர்க்காரர்களிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம். டிராஃபிக், மேம்பாலம், மனை விலை, ஏன், அவர்களுடைய சொந்த மாமனாரைக்கூட! "ஆமாங்க, வாஸ்தவந்தானுங்க" என்று தலையாட்டுவார்கள். இரண்டே இரண்டு விஷயங்களைத் தொடக்கூடாது. ஒன்று, சிறுவாணித் தண்ணீர். இன்னொன்று, கிளைமேட்.

சிறுவாணி உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்பார்கள். முதலாவது எது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்கவும் கூடாது. கிளைமேட் விஷயத்தில் அந்த அடக்கம்கூடக் கிடையாது. அதில் நாம்தான் முதல்!

நானும் அந்தக் கோஷ்டிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாத ராத்திரி. சென்னை நண்பன் போன் செய்தான்.

"பத்து மணிக்கும் புழுங்குதுடா. பனியனைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் தேறும்."

விடுவேனா? "இங்கே ஃபேனே போடலை தெரியுமா? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பற காத்து நேரா வடவள்ளியில எங்க வீட்டு ஜன்னலுக்குத்தான் வருது. கரண்ட் பில் இல்லாத ஏ.சி.!"

"கொடுத்து வெச்சவன். ஆமா, பின்னாலே என்ன சத்தம்? குக்கர் விசிலா? இந்நேரத்துக்கா சமையல்?"

நான் பேச்சை மாற்றினேன். அது குக்கர் இல்லை. அடுத்த அறையில் படுத்திருந்த என் மகள். வயசு ஏழு. சமையல் ஒன்றும் இல்லை, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

* * *

குழந்தைக்கு இளைப்பு என்றால் நம் வீடுகளில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஃபீஸ் வாங்காத டாக்டர்கள்.

முதல் டாக்டர் என் மாமியார். பாப்பாவுக்கு அம்மிச்சி. கிணத்துக்கடவுப் பக்கம். "பொழுதோட தயிர்ச் சோத்தை உண்டுபோட்டுப் படுத்தா சளி கட்டாம என்னங்க மாப்ளே பண்ணும்? கொய்யாக்காயையும் நிறுத்தச் சொல்லுங்க. நாஞ் சொன்னா உங்க ஊட்டுல எங்க கேக்கறா?"

இரண்டாவது டாக்டர் அந்த 'ஊட்டுல.' அதாவது என் மனைவி. "ஏனுங்க, எதிர்ல அபார்ட்மென்ட் கட்டறாங்கல்ல, அந்தத் தூசிதாங்க."

மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பெரியவர். மில்லில் புளோ ரூமில் இருந்து ரிடையரானவர். "முப்பது வருசம் பஞ்சுத் தூசிய முழுங்குனவனுங் நானு. இதெல்லாம் ஒடம்பு வாகுங். பெரியவளானா தானா போயிருமுங்."

நான்காவது நான். 'மழையில் நனைந்திருப்பாள்' என்பது என் கட்சி.

ஐந்தாவதாக நிஜ டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் மருந்தும் இன்ஹேலரும் எழுதிக் கொடுத்துவிட்டு, "எப்போ எப்போ வருது?" என்று கேட்டார். மனைவி 'தினமும்' என்றாள். நான் 'மழை நாளில்' என்றேன். மாமியார், "தயிர் உண்டா வருமுங்க" என்றார். டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்., டாக்டர்."

"யாரோ முதலாளிக்கு வருஷம் பூரா கணக்கு எழுதிக் கொடுப்பீங்க. பொண்ணுக்கு எழுத மாட்டீங்களா?"

சுருக்கென்று இருந்தது. அன்று சாயங்காலமே ஒரு நீள லெட்ஜர் நோட்டு வாங்கினேன். இடது பக்கம் வானம்: மழை, காற்று, வெயில், பனி. வலது பக்கம் பாப்பா: இருமல் உண்டா, இளைப்பு உண்டா, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாள், ஸ்கூலுக்குப் போனாளா. ஒரு நாள் விடாமல், ஒரு வருஷம்.

* * *

அந்த வருஷக் கணக்கில் ஒரு ராத்திரியை மட்டும் எழுத முடியவில்லை. பக்கம் காலியாக இருக்கிறது. கார்த்திகை மாசம். இரண்டு நாள் கொட்டிய மழை முதல் நாள் சாயங்காலம்தான் விட்டிருந்தது. மணி இரண்டு. பாப்பா எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்கினாள். பேச வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

இன்ஹேலர் வைத்த இடத்தில் இல்லை. அலமாரி, ஸ்கூல் பை, தலையணைக்கடியில், எங்கேயும் இல்லை. நான் ஷர்ட்டை மாட்டிக்கொண்டு காரை எடுக்க ஓடும்போது, மாமியார் சமையலறையிலிருந்து வந்தார். கையில் ராகி டின். அதற்குள்ளிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது.

"பழக்கமாயிருமேன்னு... அது இல்லாம ஆகாதுன்னு ஆயிருமேன்னு ஒளிச்சு வெச்சேனுங்க மாப்ளே."

யாரும் அவரைத் திட்டவில்லை. பாதி வழியில் பாப்பா கொஞ்சம் தெளிந்தாள். ஆஸ்பத்திரியில் விடியும்வரை இருந்துவிட்டுத் திரும்பினோம். காபி குடிக்கும்போது மாமியார் முன்னால் நோட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அத்தை, இந்தப் பஃப்ல ஒரு தடவை அமுக்கினா வர்றது 100 மைக்ரோகிராம் மருந்துங்க. இதே மருந்தை மாத்திரையாக் குடுத்தா சின்ன மாத்திரையே 2 மில்லிகிராம். அதாவது 20 மடங்கு. மாத்திரை வயித்துக்குப் போயி, ரத்தத்துல சேர்ந்து, ஒடம்பெல்லாம் சுத்திட்டு அப்புறந்தான் நெஞ்சுக்கு வரும். இது நேரா நெஞ்சுக்கே போகுது. பழக்கமாகிற சரக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க."

"இருவதுல ஒரு பங்குதானுங்களா?" என்று மட்டும் கேட்டார். வியாபாரம் புரிந்த குடும்பம். அன்றிலிருந்து இன்ஹேலர் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. எடுத்துக் கொடுக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான்.

* * *

வருஷம் முடிந்தது. கணக்கை முடித்துப் பார்த்தேன். வீட்டு டாக்டர்கள் அத்தனை பேருக்கும் டெபாசிட் காலி!

தயிர் சாப்பிட்ட நாளிலும் சாப்பிடாத நாளிலும் இளைப்பு ஒரே மாதிரி. கொய்யாக்காய் நிரபராதி. எதிர் அபார்ட்மென்ட்டில் கிரகப்பிரவேசமே முடிந்துவிட்டது, இளைப்பு முடியவில்லை. என் மழைக் கட்சிக்குத்தான் பலத்த அடி. கொட்டுகிற மழையன்று பாப்பா சுகமாகத் தூங்கியிருக்கிறாள்!

மிச்சம் நின்றது நாலு குவியல். ஆடி மாசத்தில் காற்றடிக்கும் சாயங்காலங்கள். சித்திரையில் கோடை மழையின் முதல் தூறல். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட ராத்திரியும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாளும். கடைசியாக, மார்கழி விடியற்காலைகள் அத்தனையும்.

டாக்டர் நோட்டை மெதுவாகப் புரட்டினார். "தோல் டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து ஒவ்வொன்றிலும் லேசாக ஒரு குத்து. கால் மணி நேரத்தில் இரண்டு மூன்று இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. கரப்பானுக்கு இல்லை, பூவின் மகரந்தத்துக்கும் இல்லை. "பூஞ்சணம்" என்றார் டாக்டர்.

"ஊறுகாச் சாடியில வெள்ளையாப் பூக்குமே, பூசணம், அதுங்களா? அத வழிச்சுப் போட்டுட்டு உங்கறவங்கதானுங்களே நாங்க!" என்றார் மாமியார்.

அதேதான். ஆனால் ஊறுகாயோடு நிற்பதில்லை. அழுகின இலை, காய்ந்த புல், ஈரச் சுவர், நனைந்த அட்டைப்பெட்டி, மூலையில் கிடக்கும் தோல் செருப்பு, எது கிடைத்தாலும் குடியேறும். விதை போடத் தெரியாது. அதற்குப் பதில் ஸ்போர் என்கிற நுண்வித்துக்களைக் கோடி கோடியாகக் காற்றில் அவிழ்த்து விடும். பல வகைகள் ஐந்து மைக்ரான் சுமாருக்கு இருக்கும். 200 வித்துக்களை க்யூவில் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர்! மூக்கின் காவலைத் தாண்டி நெஞ்சுக்குள் போக வசதியான சைஸ். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருடைய உடம்பு மட்டும் அந்த வித்திலுள்ள புரதத்தை எதிரி என்று தீர்மானித்து யுத்தம் தொடங்கிவிடும். யுத்தத்தில் மூச்சுக் குழாய் வீங்கிச் சுருங்குகிறது. வெளியே கேட்பது குக்கர் விசில்.

இதில் எனக்குப் புதிதாக இருந்தது, இந்த வித்துக்களிலும் கட்சிகள் உண்டு என்பது.

முதலாவது, உலர் கட்சி. கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா என்று ரஷ்ய நாவல் பாத்திரங்கள் மாதிரி பெயர்கள். காய்ந்த இலையில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் இந்தக் கும்பல்தான். வெயில் ஏறி, காற்று வீசி, ஈரம் குறைந்தால்தான் இவை கிளம்பும். பிரசார நேரம் பகல்.

இரண்டாவது, ஈரக் கட்சி. மக்கின குப்பையிலும் பட்ட மரத்திலும் இருக்கும் வகைகள், காளான்கள். சில வகைகளின் வித்துப்பை தண்ணீரை உறிஞ்சி வீங்கி, பீச்சாங்குழல் மாதிரி வித்துக்களைப் பீய்ச்சும். மழை விட்ட ராத்திரியும் ஈர விடியற்காலையும்தான் இவற்றின் நேரம்.

மூன்றாவது, சுயேச்சைகள். அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம். வெளியிலும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் ஓர் ஈர மூலை கிடைத்தால் வெளியே என்ன பருவம் என்று பார்க்காமல் வருஷம் பூரா ஆட்சி நடத்தும்.

* * *

'இதையெல்லாம் யாரப்பா எண்ணினார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். எண்ணியிருக்கிறார்கள். அதுவும் ஆரம்ப காலத்திலேயே நம் நாட்டில்!

டி.டி. கன்னிங்ஹாம் என்ற வெள்ளைக்கார டாக்டர் கல்கத்தா சிறைச்சாலைகளில் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் காட்டி, படிந்ததையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரைந்து 1873-ல் வெளியிட்டார். கைதிகளின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் காற்றில் காரணம் இருக்கிறதா என்று தேடினார். அது கிடைக்கவில்லை. ஆனால் கல்கத்தாக் காற்றில் பூஞ்சை வித்துக்கள் எப்போதும் இருக்கின்றன என்பது கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற டாக்டர், ஈர வைக்கோலில் வளர்ந்த பெனிசிலியம் வித்துக்களைத் தானே மூக்கால் இழுத்துப் பார்த்தார். தொண்டை கட்டிப் பேச்சே நின்று, நெஞ்சுச் சளியோடு அவதிப்பட்டார். அந்தப் பரீட்சையை மறுபடி செய்ய அவருக்கு ஆசை வரவில்லை.

மணிக்கு மணி கணக்கெடுக்க 1952-ல் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு பொறி செய்தார். நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு குறுகலான வாய் வழியாக உறிஞ்சும். உள்ளே பசை தடவிய கண்ணாடி மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். எந்த மணிக்கு எந்த வித்து வந்தது என்று அதில் வருகைப் பதிவேடு தயார். உலர் கட்சிக்குப் பகல், ஈரக் கட்சிக்கு ராத்திரி என்ற நேரப் பங்கீடு தெளிவானது இப்படித்தான். அதே ஹர்ஸ்ட் 1963-ல் சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார். பெரிய மழைத்துளி காய்ந்த இலையில் விழுகிற அதிர்ச்சியில், நனையாத வித்துக்கள் குபீரென்று காற்றில் கிளம்பும்.

சித்திரைத் தூறலில் பாப்பாவுக்கு ஏன் இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. முதல் தூறலில் நமக்கு மண்வாசனை வரும். (அந்த வாசனைக்குக் காரணமே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சரக்கு. கவிஞர்கள் மன்னிக்க!) அதே துளிகள் வித்துக்களையும் தட்டிக் கிளப்புகின்றன. மழை வலுத்து நின்று பெய்தால் காற்று கழுவப்படுகிறது. கொட்டும் மழையன்று பாப்பா நிம்மதியாகத் தூங்கியது அதனால்தான். மழை விட்டதும் ஈரக் கட்சி ராத்திரியோடு ராத்திரியாகக் களத்தில் இறங்குகிறது. நனைந்த குப்பையில் புதிதாக வளர்ந்தது இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்ந்ததும் உலர் கட்சி தொடர்கிறது. ஆக, மழை காற்றைச் சுத்தம் பண்ணுவதும் நிஜம், அழுக்காக்குவதும் நிஜம். எந்த நாள் என்பதுதான் கணக்கு.

* * *

இந்த விதிகளை நம்ம ஊர்ப் பருவத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலை என்கிற மதில் சுவரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல், பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவமழை தண்ணீரையெல்லாம் கேரளத்திலும் மலை மேலும் இறக்கிவிட்டு, காலி லாரி மாதிரி வெறும் காற்றாக இந்த வாசல் வழியே பாய்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. கோவை நகரத்துக்கோ வருஷத்துக்கே 600, 700 மில்லிமீட்டர்தான். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றில். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆல்டர்னேரியா பறக்கும்! காட்டில் கிடக்கும் சருகு, மார்க்கெட் குப்பை, ரோட்டோரத்துப் புல் எல்லாவற்றையும் துழாவிக்கொண்டு வந்து, நான் போனில் பெருமையடித்த அதே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிறது.

ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். ஊருக்கு வருகிற மழையில் ஏறக்குறைய பாதி இப்போதுதான். சாக்கடையோரக் குப்பை ஊறுகிறது, சுவர் ஓதம் காக்கிறது. ஈரக் கட்சிக்கு மாநாடு.

தை மாசம் அறுவடை. போன பொங்கலுக்கு மாமியார் ஊரில் பாப்பா சோளத்தட்டுப் போர் மேல் ஏறிக் குதித்து விளையாடினாள். அடியில் பனி இறங்கிக் கருத்திருந்த தட்டு. அன்று ராத்திரி நோட்டில் சிவப்பு மை. பிளாக்லி டாக்டர் வைக்கோலில் பட்ட பாட்டை என் பெண் தட்டுப்போரில் பட்டாள்.

'கிராமத்துப் பூசணம் டவுனுக்கு எப்படி வரும்?' என்பவர்களுக்கு எங்கள் பக்கத்து மலையே சாட்சி. கோதுமைக்கு வரும் துரு நோயும் ஒரு பூஞ்சைதான். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் அது பிழைக்காது. பிறகு எப்படி வருஷா வருஷம் பயிருக்கு வருகிறது? ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே.சி. மேத்தா, பல வருஷம் அலைந்து கண்டுபிடித்தார். தெற்கே நீலகிரியிலும் பழனி மலையிலும் அது சுகமாக இருந்துவிட்டு, காற்றில் வடக்கே போகிறது! ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாப் புயல்கள் அதற்கு ஓசி டிக்கெட் கொடுக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். நீலகிரி வித்து மத்திய இந்தியா வரை போகும்போது, கிணத்துக்கடவு வித்து கோயமுத்தூருக்கு வராதா?

* * *

எல்லாம் சரி. மார்கழி மட்டும் இடித்தது. காற்று இல்லை, மழையும் இல்லை. பனிக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துத்தான் படுக்கிறோம். அப்படியும் விடியற்காலை நாலு மணிக்கு விசில்.

"வெளியில் இருந்து வரலைன்னா எங்கே இருந்து வருது?" என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். "பாப்பா படுக்கிற அறையில் ஈரச் சுவர் இருக்கா? பழைய சாமான் இருக்கா?"

இருந்தது. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அந்த அறையில் ஓர் அட்டாலி உண்டு. (சென்னைக்காரர்களுக்கு: பரண்.) அதில் மூன்று அட்டைப்பெட்டி. என் அப்பாவுடையவை. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் பிளேடால் கத்தரித்து, வரிசைப்படி அடுக்கி, டவுன்ஹால் பக்கம் கொடுத்து காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருந்தார். மொத்தம் 37 வால்யூம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் தேதியும் கையெழுத்தும். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று திரிவதற்குக் காரணமே அந்த 37-தான்.

ஏணி போட்டு ஏறினேன். அட்டாலியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மொட்டைமாடித் தொட்டியின் பைப் இறங்குகிறது. எத்தனை நாள் கசிவோ, சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பெட்டியின் அடி கையோடு பிய்ந்து வந்தது. முதல் வால்யூமைத் திறந்ததும் புகை மாதிரி எழும்பியது. எனக்கே மூன்று தும்மல். நேர் கீழே பாப்பாவின் தலையணை.

வெள்ளையடித்து மறைத்துவிடலாமா, பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் போதுமா என்று டாக்டருக்குப் போன் போட்டேன். போதாதாம். செத்த வித்திலும் அந்தப் புரதம் இருக்கும். அலர்ஜிக்கு உயிரா பிணமா என்று வித்தியாசம் தெரியாது. முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிறகு சுவரைச் சுரண்டிக் காயவிட வேண்டும். பெயின்ட் அப்புறம். நனைந்த காகிதத்துக்கு வைத்தியம் இல்லை, வெளியேற்றுவதுதான். இனி எது நனைந்தாலும் ஒன்று இரண்டு நாளுக்குள் காயவைத்துவிட்டால் பூசணம் தலையெடுக்காது.

பூசணத்துக்கு வக்கீலாக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். 1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் ஃப்ளெமிங் லீவு முடிந்து திரும்பியபோது, கழுவாமல் போட்டிருந்த தட்டில் பூசணம் பூத்துச் சுற்றியிருந்த கிருமிகளைக் கொன்றிருந்தது. அதுதான் பெனிசிலின். இது எல்லாருக்கும் தெரியும். அந்த வித்து எங்கிருந்து வந்தது? கீழ்மாடியில் லா டூஷ் என்பவரின் ஆராய்ச்சி அறை. ஆஸ்துமா நோயாளிகளின் வீட்டுத் தூசியிலிருந்து பூஞ்சைகளை எடுத்து அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார்! வித்து அங்கிருந்துதான் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோடையில் முதலில் சில நாள் குளிரடித்துப் பூசணம் வளர்ந்து, பிறகு வெயில் வந்து கிருமி வளர்ந்தது. வானிலை மாறியிருந்தால் கண்டுபிடிப்பே இல்லை என்று அங்கே வேலை பார்த்த ரொனால்ட் ஹேர் விளக்கினார். கோடிப் பேரைக் காப்பாற்றின மருந்து, யாரோ இளைப்புக்காரரின் ஈரச் சுவரிலிருந்து வந்திருக்கலாம்.

ஆனால் என் அட்டாலியில் இருந்தது நோபல் பரிசு இல்லை. என் பெண்ணின் மார்கழி.

பாப்பாவை இரண்டு நாள் அம்மிச்சியோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு நானும் மனைவியும் இறக்கினோம். பழைய பேப்பர்க்காரர் ஒரு வால்யூமை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கிலோக் கணக்குலயும் போவாதுங்ணா" என்றார். மாநகராட்சிக் குப்பை வண்டிக்குத்தான் போனது. 37 முதல் பக்கங்களையும் கிழிப்பதற்கு முன்னால் மனைவி வாசலில் வைத்துப் போட்டோ எடுத்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள். சிவப்பு மை கொஞ்சம் கரைந்திருந்தாலும் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது.

* * *

அதற்கப்புறம் வந்த மார்கழியில் நோட்டின் வலது பக்கத்தில் மூன்றே மூன்று பதிவு. முந்தின மார்கழியில் பத்தொன்பது. ஆடியும் கார்த்திகையும் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. ஊர்க் காற்றை நான் அட்டாலியிலிருந்து இறக்க முடியுமா? டாக்டர் சொன்ன தடுப்பு மருந்தை அந்த மாதங்களில் விடாமல் கொடுக்கிறோம். ஆடியில் மத்தியானத்திலிருந்து காற்றடங்கும்வரை ஜன்னல் அடைப்பு. மழைக்காலத்தில் நேர்மாறு, ராத்திரி அடைத்து, வெயில் ஏறினதும் திறப்பு.

இப்போது நோட்டை எழுதுவதே மாமியார்தான். ஊரிலிருந்து வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். முந்தாநாள் ராத்திரி வாசல் திண்ணையில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "மாப்ளே, மழ விட்டுருச்சுங்க. சன்னலச் சாத்துங்க. அந்த ஈரக் கச்சிக்காரனுக வந்துருவானுக. அம்மிணி, பஃப் அடிச்சாச்சா சாமி?"

அப்போது பார்த்து சென்னை நண்பன் போன்.

"என்னடா, கோயமுத்தூர்ல கிளைமேட் எப்படி?"

"ஒரு நிமிஷம் இரு" என்றேன். "எங்க அத்தைகிட்ட நோட்டைப் பார்த்துக் கேட்டுச் சொல்றேன்."